விற்காத சரக்கு யார் கணக்கில்?

திருவனந்தபுரத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால் கழக்கூட்டம் என்னும் ஊர் வரும். திருவிதாங்கூர் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இப்பெயர் புதிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மரை எதிர்த்து நின்று அழிந்த எட்டு வீட்டுப் பிள்ளைமாருள் கழக்கூட்டத்துப் பிள்ளையும் ஒருவர். 1962-இல் இவ்வூரில் ஸைனிக் பள்ளி தொடங்கப்பட்டது. 1990-இல் டெக்னோபார்க் தோன்றியபின் ஊரின் முகமே மாறிவிட்டது. அடுக்குமாடி வீடுகளும் வாடகை அறைகளும் நிறைந்தன. பல மாநிலத்தார் குடியேறினர். மத்திய அரசாங்க அலுவலில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கும் என் போன்ற தமிழரும் இங்கே வாழ்கிறோம். கதவுகள் பெருகிய ஊரில், கதவைத் தட்டுகிறவர்களும் பெருகுவது இயல்புதானே?

ஒரு சனிக்கிழமை நண்பகலில் எங்கள் வீட்டு வாசலில் ஓர் இளைஞன் வந்து நின்றான். கழுத்திலே டை, தோளிலே கனத்த பை. சட்டையில் வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. காய்கறி வெட்டும் கருவி, கைவிளக்கு, அடுப்புப் பற்றவைக்கும் லைட்டர் ஆகியவற்றை எடுத்துக் காட்டி, மனப்பாடம் செய்த மலையாளத்தில் மூச்சு விடாமல் பேசினான். முந்தின வாரமும் அவன் வந்திருந்தான்; அப்பொழுது நான் எரிச்சலோடு கதவைச் சாத்தியிருந்தேன். இம்முறை என் பின்னால் சுவரில் தொங்கிய தமிழ்த் தினசரிக் காலண்டரை அவன் பார்த்துவிட்டான். பேச்சு சட்டென்று நின்றது. "சார், தமிழா? கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றான்.

தென்பாண்டிச் சீமையில் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன், வயது பத்தொன்பது. மேலாளர் பயிற்சி, உணவும் இருப்பிடமும் இலவசம் என்ற விளம்பரத்தைக் கண்டு வந்தவன். வந்த அன்றே மாதிரிப் பொருள்களுக்கென்று 2,500 ரூபாய் டெபாசிட் வாங்கிக்கொண்டார்களாம். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஓர் அறையில் பன்னிரண்டு பேர். காலையில் கைதட்டிப் பாட்டுப் பாடிப் புறப்பட வேண்டும். இரவு திரும்பியதும் அன்றைய கணக்கை ஒப்பிக்க வேண்டும். டார்கெட் முடியாதவனை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தி ஏசுவார்கள். உடைந்த பொருளுக்கும் காணாமற்போன பொருளுக்கும் அவனே பணம் கட்ட வேண்டும். ஐந்து மாதம் உழைத்தபின், அவன்தான் கம்பெனிக்குக் கடன்பட்டவனாக இருந்தான்!

பைக்குள்ளிருந்து ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளை எடுத்து, "இதிலே என்ன சார் எழுதியிருக்கு?" என்று கேட்டான். கையெழுத்திட்டவன் அவனே, ஆனால் படித்தவனில்லை. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் கம்பெனியின் ஊழியன் அல்லன், தன் பொறுப்பில் தொழில் செய்யும் சுயேச்சையான கூட்டாளி. இரு தரப்புக்கும் இடையே முதலாளி, தொழிலாளி என்ற உறவு கிடையாது. இதுவே அத்தாளின் சாரம். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்படின்னா இத்தனை நாளா எனக்கு முதலாளியே இல்லையா சார்?" என்று கேட்டான்.

இருபது ஆண்டுகளாகச் சொற்களை மொழிபெயர்த்துப் பிழைப்பவன் நான். ஒரு சொல் ஒரு மனிதனின் வயிற்றை இவ்வளவு நேராகத் தொடுவதை அன்றுதான் கண்டேன். அவன் கேட்ட கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதைச் சிறிது காண்போம்.

வீடு தேடி வந்து விற்பது நம் நாட்டில் மிகப் பழைய தொழில். சங்க நூல்களில் வரும் உமணர் உப்பு மூட்டைகளை வண்டியிலேற்றிக் குடும்பத்தோடு ஊர் ஊராகச் சென்றவர்கள். காவிரிப்பூம்பட்டினத்தின் வீதிகளில் கூவி விற்றோரைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. வளையல்காரரும் பாத்திரக்காரரும் தவணைக்குச் சேலை விற்பவரும் நாம் சிறுவயதில் கண்டவர்கள். கேரளத்து ஊர்களிலும், நம்மவர் பலர் அண்ணாச்சி என்ற பெயரோடு மூட்டை சுமந்து நடந்தே குடும்பத்தை நிலைநிறுத்தினர். இவர்களின் வாழ்க்கை எளிதன்று. ஆயினும் மூட்டை அவர்களுடையது. இலாபமும் அவர்களுடையது, நட்டமும் அவர்களுடையது. இன்று எந்தத் தெருவுக்குப் போவது, எப்பொழுது நிழலில் உட்காருவது என்பதை அவர்களே முடிவு செய்தனர்.

மூட்டை ஒருவனுடையதாகவும் தோள் மற்றொருவனுடையதாகவும் ஆகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலியில் இது பெருந்தொழிலாகவே நடந்தது. வறிய மலைக்கிராமங்களுக்குப் 'பத்ரோனே' எனப்பட்ட தரகர்கள் வருவார்கள். பெற்றோரிடம் சிறு தொகை கொடுத்து, இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, பிள்ளைகளை இலண்டனுக்கும் பாரிசுக்கும் நியூயார்க்கிற்கும் அழைத்துச் செல்வார்கள். பிள்ளைகள் தெருவில் வாத்தியம் வாசித்தும் சுண்ணாம்புப் பொம்மைகள் விற்றும் நாள்தோறும் குறிப்பிட்ட தொகையைக் கொண்டுவந்து தரவேண்டும். குறைந்தால் அடி, சில நாள் பட்டினி. இக்கொடுமை வெளியானபின் இத்தாலிய அரசாங்கம் 1873-இல் பிள்ளைகளை இவ்வாறு ஊர்சுற்றும் தொழில்களில் அமர்த்துவதைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவும் ஒரு சட்டம் செய்தது. இங்கிலாந்து 1871-இல் இயற்றிய சுற்று வணிகர் சட்டம், பதினேழு வயதுக்கு மேற்பட்ட, நன்னடத்தையுள்ளவருக்கே காவல்துறை சான்று வழங்கலாம் என்றது.

அடித்து வேலை வாங்குவது சட்டவிரோதமாயிற்று. அடிக்காமலே வேலை வாங்கும் வழி ஒன்று இருந்தது. சரக்கைப் பையனுக்கே விற்றுவிடுவதுதான் அந்த வழி. நியூயார்க்கில் செய்தித்தாள் விற்ற சிறுவர்கள் சம்பளக்காரர்கள் அல்லர். காலையில் பணம் கொடுத்துத் தாள்களை வாங்குவர். விற்காமல் எஞ்சியவற்றைப் பத்திரிகை நிலையம் திரும்பப் பெறாது. 1898-இல் ஸ்பெயினோடு போர் நடந்தபொழுது, நூறு தாளின் விலை 50 செண்டிலிருந்து 60 செண்டாக உயர்த்தப்பட்டது. போர் முடிந்தபின் பிற பத்திரிகைகள் விலையைக் குறைத்தன. புலிட்சரின் பத்திரிகையும் ஹெர்ஸ்ட்டின் பத்திரிகையும் குறைக்கவில்லை. 1899 ஜூலையில் அச்சிறுவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஏறத்தாழ இரண்டு வாரம் அந்த இரு பத்திரிகைகளின் விற்பனை சரிந்தது. முடிவில் கிடைத்த உடன்பாட்டை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். விலை குறையவில்லை, ஆனால் விற்காத தாள்களை நிலையமே திரும்பப் பெற்றுக்கொள்வதென்று ஏற்பட்டது. கல்லூரி மிதியாத அச்சிறுவர்களுக்கு இத்தொழிலின் நாடி எதுவென்று தெரிந்திருந்தது. விற்காத சரக்கு யார் கணக்கில் என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி.

இருபதாம் நூற்றாண்டில் வீட்டுவாசல் விற்பனை கம்பெனிகளின் தொழிலாக வளர்ந்தது. பிரஷ், அழகுப் பொருள், புத்தகம், பத்திரிகைச் சந்தா எனப் பலவும் அமெரிக்க வாசல்களில் விற்கப்பட்டன. அவற்றுள் நேர்மையாக நடந்தவை உண்டு. அவற்றால் முன்னுக்கு வந்தோரும் உண்டு. ஆனால் 1938-இல் அந்நாடு குறைந்தபட்ச ஊதியச் சட்டம் கொண்டுவந்தபோது, வெளியே சுற்றி விற்பவர்களுக்கு அது பொருந்தாது என்று விலக்களித்தது. தன் நேரத்துக்குத் தானே எஜமானனாயிருப்பவனுக்கு மணிக்கணக்கில் கூலி ஏன் என்ற எண்ணமாக இருக்கலாம். அந்த வாயில் வழியே புகுந்தவர்கள் பலர். ஊரறியாத இளைஞர்களை வேனில் ஏற்றி மாநிலம் மாநிலமாகக் கொண்டுசென்று, பத்திரிகைச் சந்தா விற்கச்செய்யும் குழுக்கள் பெருகின. காலையில் ஒரு தெருவில் இறக்கிவிடுவார்கள், இரவில் ஏற்றிக்கொள்வார்கள். தங்கும் செலவும் உணவும் கமிஷனிலிருந்து கழியும். டார்கெட் தவறியவனை வழியிலேயே விட்டுச்சென்றதும் உண்டு.

இந்நிலையில் சட்டம் யாரைக் காத்தது? 1931-இல் வயோமிங் மாநிலத்துக் கிரீன் ரிவர் என்ற ஊர், வீட்டார் அழைக்காமல் வாசலுக்கு வந்து விற்பதையே குற்றமாக்கிற்று. பல ஊர்கள் அதைப் பின்பற்றின. பத்திரிகைச் சந்தா விற்பனையின் பிரதிநிதி ஒருவர்மீது தொடரப்பட்ட வழக்கில், இத்தகைய தடை செல்லும் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1951-இல் தீர்ப்பளித்தது. 1972-இல் வகுக்கப்பட்ட ஒரு விதி, வாசலில் பொருள் வாங்கியவர் மூன்று நாளுக்குள் மனம் மாறித் திருப்பித்தரலாம் என்றது. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் கதவின் உட்புறத்தில் நின்றவரையே இவை காத்தன. வெளியே வெயிலில் நின்ற பையனை, தொல்லை தருபவன் என்று மட்டுமே கண்டன.

அப்பார்வை மாறுவதற்கு ஒரு துயரம் வேண்டியிருந்தது. 1999 மார்ச் 25 அன்று, விஸ்கான்சின் மாநிலத்து ஜேன்ஸ்வில் அருகே இத்தகைய குழுவொன்றின் வேன் உருண்டது. ஓட்டியவரும் ஓர் இளைஞர். செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இல்லாதவர். பின்னால் காவல்துறை வண்டி வருவதைக் கண்டு, ஓடும் வண்டியிலேயே மற்றொருவரோடு இடம் மாற முயன்றார். எழுவர் மாண்டனர், ஐவர் படுகாயமுற்றனர். இறந்தவர்களுள் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியின் தந்தை விடாது முயன்றார். பத்தாண்டுக்குப்பின், 2009-இல், அம்மாநிலம் அப்பெண்ணின் பெயரால் ஒரு சட்டம் செய்தது. ஊர்சுற்றி விற்கும் குழுக்கள் அரசிடம் பதிவு செய்யவேண்டும், வேலை நிபந்தனைகளை முன்னரே எழுத்தில் தரவேண்டும், வண்டிகள் பாதுகாப்பாக இருக்கவேண்டும் என்றெல்லாம் அது விதித்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். டை கட்டிய விற்பனையாளர் நகரத்து வாசல்களில் பெருவழக்கானது 1982-இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்தின் காலத்திலிருந்து எனலாம். தூசு உறிஞ்சும் கருவியை வீட்டிலேயே இயக்கிக் காட்டி விற்ற அந்த முறை, படித்த இளைஞர் பலருக்கு வேலை கொடுத்தது. அத்தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே வேறொன்றை வைத்தவர்கள் பின்னால் வந்தார்கள். மலிவான பொருளுக்கு உயர்ந்த விலை. சம்பளத்துக்குப் பதில் கமிஷன். வேலைக்குப் பதில் 'பயிற்சி'. நீ நால்வரைச் சேர்த்தால் மேலாளர் ஆவாய் என்ற ஆசை. தான் ஏமாந்ததை உணர்ந்தவன் தன் நண்பனையே அழைத்துவந்தாலொழிய மேலே ஏற முடியாது என்பதே இம்முறையின் மிகக் கொடிய கூறு.

தமிழகத்தின் பழைய கதை ஒன்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். உசிலம்பட்டி வட்டாரத்திலிருந்து சிறுவர்களைப் பெற்றோருக்கு முன்பணம் கொடுத்து, மராட்டியம், குஜராத், ஆந்திரம் முதலிய இடங்களின் முறுக்குக் கம்பெனிகளுக்கு அழைத்துச்சென்ற வழக்கம் அது. முறுக்குப் பிழிவதும் அதைச் சுமந்து விற்பதும் பிள்ளைகளின் வேலை. முன்பணம் கழியும்வரை ஊர் திரும்ப இயலாது. அதிகாரிகளும் தொண்டு நிறுவனத்தாரும் மீட்ட பிள்ளைகள் பலர். நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய இத்தாலியத் தரகனுக்கும் இந்த முதலாளிக்கும் மொழியைத் தவிர வேற்றுமை என்ன?

2025 ஏப்ரலில் கேரளமே அதிர்ந்த ஒரு காட்சி வெளிவந்தது. கொச்சியில் விற்பனைத் தொழிலில் இருந்த ஓர் இளைஞர், கழுத்தில் வார் கட்டப்பட்டு நாயைப்போல் தவழும் காட்சி அது. டார்கெட் எட்டாததற்குத் தண்டனை என்று செய்தி பரவியது. மாநிலத் தொழிலாளர் துறை அமைச்சர் விசாரணைக்கு உத்தரவிட்டார். பின்னர் அந்த இளைஞரே, இது பணியிடக் கொடுமையன்று, முன்னாள் மேலாளர் ஒருவர் எடுத்த படம் என்று கூறியதாகவும் செய்தி வந்தது. உண்மையை விசாரிக்கும் பொறுப்பு உரியவர்களுடையது. ஆயினும் அக்காட்சியைப் பார்த்த பல குடும்பங்கள், வெளியூரில் விற்பனை வேலையிலிருக்கும் தம் பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்தன என்பது நான் நேரில் அறிந்த செய்தி.

நம் சட்டங்கள் இதில் வலுவற்றவை என்று எண்ணிவிடக் கூடாது. 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், முன்பணத்தையோ கடனையோ காட்டி ஒருவரைக் கட்டிவைப்பதைக் குற்றமாக்குகிறது. அத்தகைய கடன் செல்லாது. அது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவனையே சாரும். 1982-இல், டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டட வேலையைப் பற்றிய வழக்கில், உச்சநீதிமன்றம் ஓர் அரிய விளக்கம் தந்தது. வறுமையும் பசியும் துரத்த, குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக ஒருவன் உழைப்பானாயின், அதுவும் அரசியலமைப்பின் 23-ஆம் விதி விலக்கும் கட்டாய உழைப்பே என்றது. சங்கிலியும் சவுக்கும் இருந்தால்தான் அடிமைத்தனம் என்பதில்லை.

விற்பனை ஊக்குவிப்பு ஊழியர்களுக்கென 1976-இல் தனிச்சட்டமும் வந்தது. முதலில் மருந்துத் துறையினருக்கே அது பயன்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் அதுவும் அடங்கிவிட்டது. 2021 டிசம்பரில் மத்திய அரசாங்கம் வெளியிட்ட நேரடி விற்பனை விதிகள் இன்னும் தெளிவானவை. விற்பனையாளராகச் சேர்பவரிடம் நுழைவுக் கட்டணமோ, மாதிரிப் பொருளுக்கான பணமோ வாங்கக் கூடாது. எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். சேர்ந்தவர் குறிப்பிட்ட காலத்துக்குள் விலகி, வாங்கிய சரக்குக்கான பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆளைச் சேர்ப்பதற்கே பணம் தரும் கூம்புத் திட்டங்கள் தடுக்கப்பட்டுள்ளன. முன் இசைவின்றி வீட்டுக்கு வரலாகாது. அடையாள அட்டை வேண்டும். நியூயார்க் சிறுவர்கள் 1899-இல் தெருவில் நின்று பெற்றதை, இவ்விதிகள் ஒருவாறு ஏட்டில் எழுதித் தந்திருக்கின்றன. ஆனால் ஏட்டிலுள்ளது வாசலுக்கு வர, யாரேனும் ஒருவர் அதைப் பையனுக்கு அவன் மொழியில் படித்துக்காட்ட வேண்டும்.

அந்த இளைஞனின் கதை என்ன ஆயிற்று? அன்று மாலை நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். டெபாசிட்டையும் சான்றிதழையும் திருப்பித் தருமாறு கம்பெனிக்கு ஒன்று. அதன் பிரதி மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்கு. பெயரிட்டுக் கையெழுத்திட அவன் தயங்கினான். "சார், கூட இருக்கிறவங்க என்னைத் துரோகின்னு சொல்வாங்க" என்றான். அவனைக் கட்டியிருந்த கயிறுகளில் இதுவே வலுவானது என்று எனக்குப் பட்டது. இரவு முழுவதும் யோசித்து, மறுநாள் கையெழுத்திட்டான். மூன்று வாரத்தில் சான்றிதழ் வந்தது, பணம் வரவில்லை. இப்பொழுது அவன் திருநெல்வேலியில் ஒரு கடையில் வேலை செய்கிறான். மாதச் சம்பளம். அதே அறையில் இருந்த மற்றப் பதினொருவரும் என்ன ஆனார்கள் என்று நான் அறியேன். முதல் வாரம் அவனைத் திருப்பி அனுப்பிய என் எரிச்சலை நினைக்கும்போது, அந்தப் பதினொருவரும் என் நினைவுக்கு வருகிறார்கள்.

நேயர்களே, பிறமாநிலங்களில் வாழும் நம்மை நாடியே ஊரிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். அத்தை, சித்தப்பா, அண்ணன் என்று நம்மிடம் முதலில் யோசனை கேட்கிறார்கள். அவர்கள் சார்பில் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கே. சரக்கு விற்காவிட்டால் நட்டம் யாருக்கு? மாதச் சம்பளம் இவ்வளவென்று எழுத்தில் உண்டா? சேருவதற்குப் பணம் கேட்கிறார்களா? அசல் சான்றிதழை யார் வைத்திருப்பார்கள்? இவற்றுக்கு நேரான விடை வராத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பவேண்டாம். முன்னரே சிக்கியவருக்கு வழிகள் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பதினெட்டு வயதுக்குட்பட்டவராயின் 1098. கட்டாய உழைப்புக்கு ஆளானவருக்கும் பெண்களுக்கும் சிறுவருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞரை அளிக்கும்.

வாசலில் வந்து நிற்பவரிடம் பொருள் வாங்குவதும் வாங்காததும் நம் விருப்பம். அடையாள அட்டை கேட்பது நம் உரிமை. கதவைச் சாத்துமுன் ஒரு குவளைத் தண்ணீரும், "தம்பி, உனக்குச் சம்பளம் உண்டா?" என்ற ஒரு கேள்வியும் கொடுப்போமாக. அக்கேள்வியை அவனிடம் அதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.